அரசுக்கு முன்பே பிறந்த அருங்காட்சியகம்

புதிதாகச் சுதந்திரம் பெறுகின்ற நாடுகள் பெரும்பாலும் முதலில் கொடியை ஏற்றுகின்றன. பிறகு நாணயத்தை வெளியிடுகின்றன. அதற்குப் பின்னரும் கையில் நிதி மிஞ்சியிருந்தால் தேசிய அருங்காட்சியகம் ஒன்றை அமைப்பது குறித்துச் சிந்திக்கின்றன. ஸ்லோவேனியாவின் வரலாறு இந்த வரிசையைத் தலைகீழாக்கிக் காட்டுகிறது. யூகோஸ்லாவியாவிலிருந்து விலகி 1991 ஜூன் 25ஆம் திகதி சுதந்திரப் பிரகடனம் செய்த அந்த நாட்டின் தேசிய அருங்காட்சியகம் தாபிக்கப்பட்டது 1821ஆம் ஆண்டில் ஆகும். அருங்காட்சியகத்துக்கும் அரசுக்கும் இடையில் 170 வருடங்கள் கழிந்திருக்கின்றன. இலங்கையில் நாம் நூதனசாலை என்று அழைக்கும் ஒரு நிறுவனம், அரசு ஒன்றின் துணையின்றி ஒரு சிறிய மக்கள் கூட்டத்தின் நினைவை எவ்வளவு காலம் தாங்கி நிற்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணத்தைக் காண்பது கடினம். அரசு வந்த பிறகு அதே நினைவுக்கு எத்தகைய புதிய ஆபத்துகள் நேருகின்றன என்பதற்கும் ஸ்லோவேனியாவே உதாரணமாக இருக்கிறது.

20,000 சதுர கிலோமீற்றரைச் சற்றே தாண்டிய நிலப்பரப்பையும் ஏறத்தாழ 21 இலட்சம் மக்களையும் கொண்ட நாடு அது. பல நூற்றாண்டுகளாக ஹப்ஸ்பேர்க் ஆட்சியின் கீழ் இருந்த ஸ்லோவேனியர்கள், முதலாம் உலகப்போரின் முடிவில் யூகோஸ்லாவிய முடியாட்சிக்குள் வந்தபோது அவர்களின் மேற்குப் பகுதி நிலங்கள் இத்தாலியின் வசமாகின. 1941இல் ஜேர்மனி, இத்தாலி, ஹங்கேரி ஆகிய மூன்று நாடுகளும் அவர்களின் நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. போருக்குப் பின்னர் சோசலிச யூகோஸ்லாவியாவின் குடியரசுகளில் ஒன்றாக அது விளங்கியது. இத்தனை மாற்றங்களுக்கும் ஊடாக அந்த மக்களை ஒரு மக்களாக வைத்திருந்தது மொழியும் அதைச் சார்ந்த நினைவுகளுமேயாகும். 1849 பெப்ரவரி 8ஆம் திகதி காலமான கவிஞர் பிரான்ஸ் பிரெஷெரனின் நினைவுதினம் 1945இல் கலாசார தினமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 1991 முதல் அது அரசாங்க விடுமுறை நாளாக இருந்துவருகிறது. அன்று பல அருங்காட்சியகங்களில் நுழைவுக்கட்டணம் அறவிடப்படுவதில்லை. போர்வெற்றி நாட்களையும் தலைவர்களின் பிறந்த நாட்களையும் கொண்டாடிப் பழகிய உலகில் ஒரு கவிஞரின் மறைவு நாளை நாடே நினைவுகூருவது சிந்திக்கத்தக்கது.

ஆனால், 1821இல் லுப்லியானாவில் தாபிக்கப்பட்ட அருங்காட்சியகம் ஸ்லோவேனியத் தேசியத்தின் பெயரால் அமைக்கப்பட்டதல்ல என்பதையும் சொல்லியாகவேண்டும். அது கார்னியோலா என்ற ஹப்ஸ்பேர்க் மாகாணத்தின் அருங்காட்சியகம். பிரபுக்களும் மதகுருமாரும் அங்கம் வகித்த மாகாண சபையே அதற்கான தீர்மானத்தை எடுத்தது. அலுவல் மொழி ஜேர்மன். 1831ஆம் ஆண்டில்தான் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆரம்பத்தில் அங்கு சேர்க்கப்பட்ட முக்கியமான சொத்துகளில் ஒன்று, இரும்பு உற்பத்தித் தொழிலில் செல்வந்தராக விளங்கிய ஷிகா சோய்ஸ் என்ற பிரபு திரட்டி வைத்திருந்த கனிமத் தொகுப்பு. கற்களைச் சேகரித்த அதே மனிதரே ஸ்லோவேனிய எழுத்தாளர்களை ஆதரித்தவராகவும் இருந்தார். நிலத்தின் கல்லும் மக்களின் சொல்லும் ஒரே இடத்தில் பேணப்படவேண்டியவை என்ற எண்ணம் அந்தக் காலத்து மனிதர் சிலருக்கு இயல்பாகவே இருந்தது.

அந்த அருங்காட்சியகத்தின் உண்மையான கதை 1852இல் அதன் பொறுப்பாளராக நியமிக்கப்பட்ட டிராகொதின் டெஷ்மானிடமிருந்து தொடங்குகிறது. அவரும் 1821இல் பிறந்தவர் என்பது ஒரு சுவையான தற்செயல். இளமையில் அவர் ஸ்லோவேனிய மொழியில் கவிதை எழுதினார். வெளியூரில் படித்துவிட்டு ஊர் திரும்பும் மாணவன் ஒருவன், தாய்மொழி மறந்துவிட்டதாகப் பாசாங்கு செய்து, வைக்கோல் வாரும் கருவியின் பெயரே தனக்குத் தெரியாதென்கிறான். அதன் பல்லில் அவன் கால் பட்டதும் காம்பு எழும்பி அவனை அடிக்கிறது. வலியில் அவன் வாயிலிருந்து அந்தச் சொல் தாய்மொழியிலேயே வந்துவிடுகிறது. இந்தக் கதையைக் கவிதையாக்கியவர் டெஷ்மான். உலகின் பல மூலைகளில் வாழுகின்ற நமது வாசகர்களுக்கு அந்த மாணவனை அடையாளம் காண்பதில் சிரமம் இருக்காது.

ஆனால், 1861இல் மாகாண சபைக்கும் வியன்னா பாராளுமன்றத்துக்கும் தெரிவான பிறகு டெஷ்மான் ஜேர்மன் தாராளவாதிகளின் அணியில் சேர்ந்துகொண்டார். ஜேர்மன் மொழியே முன்னேற்றத்தின் மொழி என்பது அவரது நிலைப்பாடாயிற்று. தேசியவாதிகள் அவரை இனத்துரோகி என்று தூற்றினார்கள். ஜேர்மனியர்களுக்கு வால்பிடிப்பவர்களைக் குறிக்க ஸ்லோவேனிய மொழியில் வழங்கிய ஏளனச் சொல் அவரது பெயருடன் ஒட்டிக்கொண்டது. 1871 முதல் 1874 வரை அவர் லுப்லியானாவின் மேயராகவும் இருந்தார்.

அதே டெஷ்மான்தான் 1875இல் லுப்லியானாவுக்குத் தெற்கே இக் கிராமத்துச் சதுப்புநிலத்தில் தொழிலாளர்கள் வடிகால் வெட்டியபோது வெளிப்பட்ட மரத்தூண்களின் பெறுமதியை உணர்ந்து அகழ்வாராய்ச்சியை நடத்தினார். அவை ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்னர் நீர்நிலையோரம் கம்பங்களின் மீது வீடமைத்து வாழ்ந்த மக்களின் குடியிருப்புகள். அல்ப்ஸ் மலையைச் சூழவுள்ள ஆறு நாடுகளின் அத்தகைய குடியிருப்புகளை யுனெஸ்கோ 2011இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது இக் கிராமமும் அதில் இடம்பெற்றது. அதே சதுப்புநிலத்திலிருந்து 2002இல் கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 5,200 வருடங்கள் பழைமை வாய்ந்த மரச்சக்கரம், அச்சுடன் கூடியதாக உலகில் கிடைத்துள்ள மரச்சக்கரங்களில் மிகவும் பழைமையானவற்றில் ஒன்றென மதிக்கப்படுகிறது. அருங்காட்சியகத்துக்கு 1888இல் திறக்கப்பட்ட புதிய கட்டிடமும் டெஷ்மானின் விடாமுயற்சியின் பலனாகும். அடுத்த வருடமே அவர் காலமானார்.

துரோகி என்று ஒரு தலைமுறை தூற்றிய மனிதரின் உழைப்பின் மீதுதான் இன்றைய தேசிய அருங்காட்சியகம் நிற்கிறது. அவரது அரசியலை இன்றும் ஸ்லோவேனியர்கள் ஏற்றுக்கொள்வதில்லை. அவர் காத்துக்கொடுத்தவற்றை மறுப்பதுமில்லை. மரபுரிமையைக் காப்பாற்றியவர்கள் எல்லோரும் நமது அணியைச் சேர்ந்தவர்களாகவே இருக்கவேண்டும் என்று அடம்பிடிக்கும் சமூகம், தனது வரலாற்றின் பாதியைத் தானே வெளியே வீசிவிடுகிறது.

இதற்கு முந்திய ஒரு சம்பவமும் உண்டு. ஸ்லோவேனிய மொழியின் முதலாவது அச்சுநூல்களை பிரிமோஷ் துருபார் என்ற புரட்டஸ்தாந்து போதகர் 1550இல் ஜேர்மனியின் டூபிங்கன் நகரில் அச்சிட்டார். 1584இல் யூரி தல்மாத்தின் முழு விவிலியத்தையும் மொழிபெயர்த்து வெளியிட்டார். கத்தோலிக்க எதிர்ச் சீர்திருத்தம் வீறுகொண்ட வேளையில், லுப்லியானாவின் ஆயர் தோமாஷ் ஹ்ரென் 1600-1601 காலப்பகுதியில் புரட்டஸ்தாந்து நூல்களைத் தீயிட்டு எரிக்கச் செய்தார். ஆனால், தல்மாத்தினின் விவிலியத்தை அவர் தீயிலிடவில்லை. அதற்கு நிகரான வேறொரு மொழிபெயர்ப்பு அந்த மொழியில் இல்லையென்பதால் தனது குருமார் அதைப் பயன்படுத்துவதற்கு ரோமிடமிருந்து அனுமதி பெற்றார். எதிரியின் நூல் என்றாலும் மொழிக்கு அது தேவை என்று கண்டுகொண்ட அளவுக்கேனும் அந்த ஆயருக்குத் தெளிவு இருந்தது. எரிந்துபோன ஏனைய நூல்களுக்கு அது ஈடாகாது என்பது வேறு விடயம். 2007இல் ஸ்லோவேனியா யூரோ நாணயத்துக்கு மாறியபோது ஒரு யூரோ குற்றியில் துருபாரின் உருவத்தைப் பொறித்தது. மக்களில் பெரும்பான்மையினர் கத்தோலிக்க மரபில் வந்தவர்கள் என்பது அதற்குத் தடையாக இருக்கவில்லை.

அரசில்லாத மக்கள் எவ்வளவுதான் கவனமாக இருந்தாலும், பலம் உள்ளவர்களிடமே பொருட்கள் போய்ச்சேரும். ஸ்லோவேனிய மொழியின் மிகப்பழைய எழுத்துச் சான்றான, கிட்டத்தட்ட ஆயிரம் வருடங்களுக்கு முற்பட்ட பிரைசிங் சுவடிகள் மியூனிச் நகரின் பவேரிய அரச நூலகத்தில் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஸ்லோவேனியா இணைந்த 2004ஆம் ஆண்டில் அவை லுப்லியானாவில் காட்சிக்கு வைக்கப்பட்டன. பிறகு திரும்பிச் சென்றன. சோச்சா நதிக்கரையில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான இரும்புக்காலச் சவக்குழிகளின் பொருட்கள் வியன்னாவுக்கும் திரியெஸ்தேக்கும் போயின. 1905 முதல் 1914 வரை மெக்லென்பேர்க் சீமாட்டி நடத்திய அகழ்வுகளின் கதை இன்னும் விசித்திரமானது. முதலாம் உலகப்போரின் முடிவில் கையகப்படுத்தப்பட்ட அந்தத் தொகுப்பு பின்னர் அவரது வாரிசிடம் கையளிக்கப்பட்டு, 1934இல் நியூயோர்க்கில் விற்பனைக்கு வந்தது. அதன் பெரும்பகுதி ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பீபொடி அருங்காட்சியகத்திலும் ஒரு பகுதி ஒக்ஸ்போர்ட்டிலும் இருக்கிறது. 1940இல் இத்தாலிய அதிகாரிகள் பாதுகாப்புக்கென்று கோப்பர், பீரான் போன்ற கடலோர நகரங்களிலிருந்து எடுத்துச்சென்ற ஓவியங்கள் தொடர்பான பிணக்கு, ஸ்லோவேனியா சுதந்திர நாடாகிய பின்னரும் தீரவில்லை. ரோமில் பெட்டிகளுக்குள் கிடந்த அந்த ஓவியங்களை 2005இல் இத்தாலி திரியெஸ்தேயில் காட்சிக்கு வைத்தது; பழைய ஊர்களுக்கு அனுப்பவில்லை.

இந்த இழப்புகளை ஸ்லோவேனிய ஆய்வாளர்கள் வெறுமனே முறைப்பாடு செய்துகொண்டிருக்கவில்லை என்பதே கவனிக்கவேண்டியது. மக்தலென்ஸ்கா கோரா என்ற இடத்தின் இரும்புக்காலப் புதைமேடுகள் பற்றி 2004இல் தேசிய அருங்காட்சியகம் வெளியிட்ட ஆய்வுநூல், பல நாடுகளில் சிதறிக்கிடக்கும் பொருட்களை ஏட்டிலாவது ஓரிடத்தில் சேர்த்தது. எந்தக் குழியிலிருந்து எது எடுக்கப்பட்டது, இப்போது எங்கே இருக்கிறது என்ற விபரம் கையில் இல்லாதவனின் உரிமைக்கோரிக்கை வெறும் உணர்ச்சிக்கூச்சலாகவே முடியும். பொருளை மீட்க முடியாத இடத்தில் பதிவையாவது மீட்பது மரபுரிமைப் பாதுகாப்பின் பெரும்பகுதி. அதற்குப் பொறுமை தேவை, கைதட்டல் கிடைக்காது.

யூகோஸ்லாவிய முடியாட்சிக் காலத்தில் 1923ஆம் ஆண்டு இனவரைவியல் அருங்காட்சியகம் தனியாகப் பிரிந்தது. சாதாரண குடியானவர்களின் வாழ்வும் காக்கப்படவேண்டியதே என்ற எண்ணம் அதன் மூலம் நிறுவன வடிவம் பெற்றது. அங்கு பேணப்படுபவற்றில் தேன்கூட்டுப் பலகைகள் மிகவும் கவர்ச்சியானவை. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஸ்லோவேனியத் தேனீ வளர்ப்பாளர்கள் தமது தேனீப்பெட்டிகளின் முன்பலகையில் ஓவியம் தீட்டி வைத்தார்கள். தேனீக்கள் தத்தமது பெட்டியை அடையாளம் காணவும் அது உதவும் என்பது அவர்களின் நம்பிக்கை. அறியப்பட்டவற்றில் மிகப்பழைய பலகை 1758ஆம் ஆண்டுக்குரியது. மாதாவும் புனிதர்களும் மட்டுமல்ல, வேட்டைக்காரனின் பிரேதத்தை மிருகங்கள் சுமந்து செல்லும் ஊர்வலம், வம்புபேசும் பெண்ணின் நாக்கைச் சாணைக்கல்லில் தீட்டும் சாத்தான் என்று ஊர்ப்புறக் கேலியும் அவற்றில் தாராளமாக இருக்கிறது. புதிய ரகப் பெட்டிகள் வந்தபோது அந்தப் பலகைகள் விறகாகிப் போயிருக்கக்கூடியவை. அவற்றைக் கலை என்று மதித்துச் சேகரித்தவர்கள் இருந்ததனால் அவை பிழைத்தன. ரதொவ்லியிட்சா நகரில் 1959இல் தேனீ வளர்ப்புக்கென்றே ஒரு அருங்காட்சியகம் அமைக்கப்பட்டது. ஸ்லோவேனியாவின் முயற்சியின் பேரில் மே 20ஆம் திகதியை உலகத் தேனீ தினமாக ஐ.நா. 2017இல் பிரகடனம் செய்ததும், அந்நாட்டின் தேனீ வளர்ப்பு மரபை யுனெஸ்கோ 2022இல் பட்டியலில் சேர்த்ததும் இந்தத் தொடர்ச்சியின் விளைவுகளே.

ஷ்கோஃபியா லோகா நகரின் திருப்பாடுகளின் நாடகமும் இத்தகையதே. கப்புச்சின் துறவி ஒருவர் 1721 அளவில் எழுதிய அந்த நாடகமே ஸ்லோவேனிய மொழியில் எஞ்சியுள்ள மிகப்பழைய நாடகப் பிரதி. ஊர்வலமாக நடத்தப்பட்ட நாடகம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வழக்கொழிந்துவிட்டது. கையெழுத்துப் பிரதி மாத்திரம் மடத்தின் நூலகத்தில் பத்திரமாக இருந்தது. 1999இல் நகரத்து மக்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு அதை மீண்டும் வீதிக்குக் கொண்டுவந்தார்கள். 2016இல் அது யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்ந்தது. ஓலையோ கடதாசியோ ஒன்று எங்காவது ஓர் அலுமாரியில் பிழைத்திருந்தால், இறந்துபோன கலை ஒன்று இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் எழுந்து நடக்க முடியும். அலுமாரியைப் பூட்டிவைத்தவருக்கு அது தெரிந்திருக்கத் தேவையில்லை.

போர் ஸ்லோவேனியாவையும் விட்டுவைக்கவில்லை. கட்டிடக் கலைஞர் யோஷே பிளெச்னிக்கின் மிகச்சிறந்த படைப்புகளில் ஒன்றான லுப்லியானா தேசிய, பல்கலைக்கழக நூலகத்தின் மீது 1944 ஜனவரியில் ஒரு விமானம் விழுந்து வெடித்தது. வாசிகசாலை எரிந்தது; ஏறத்தாழ 60,000 நூல்கள் சாம்பலாகின. நூலகம் எரிவதென்றால் என்னவென்று இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு விளக்கவேண்டிய தேவை இல்லை.

ஃபிரான்யா மருத்துவமனையின் கதை வேறு ஒரு கேள்வியை எழுப்புகிறது. செர்க்னோ பிரதேசத்தின் ஒடுங்கிய மலைப்பிளவு ஒன்றில் 1943 டிசம்பரில் விடுதலைப் போராளிகள் மரக்குடில்களால் அமைத்த இரகசிய மருத்துவமனை அது. சுவடு தெரியாமலிருக்க ஓடைநீருக்குள்ளால் நடந்தே காயப்பட்டவர்களைச் சுமந்து சென்றார்கள். அவர்களின் கண்கள் கட்டப்பட்டிருக்கும். மருத்துவர் ஃபிரான்யா போய்ட்ஸ் பிடோவெட்ஸின் பெயரால் அறியப்பட்ட அந்த இடத்தில், போர் முடியும் வரை 500க்கும் மேற்பட்ட படுகாயமடைந்தோர் சிகிச்சை பெற்றனர். பல நாட்டவர்களுடன் எதிர்த்தரப்புச் சிப்பாயும் அங்கு பராமரிக்கப்பட்டார். போரின் பின்னர் நினைவிடமாகப் பேணப்பட்ட அந்தக் குடில்களை 2007 செப்டெம்பர் 18ஆம் திகதி பெருவெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஜேர்மன் படைகளால் கண்டுபிடிக்க முடியாததை ஒரு நாள் மழை அழித்துவிட்டது.

பழைய மரம் ஒன்றும் மிஞ்சாத இடத்தில் புதிய மரத்தால் கட்டியெழுப்புவது மரபுரிமையைக் காப்பதா, நகல் எடுப்பதா? ஸ்லோவேனியர்கள் கட்டுவதென்று தீர்மானித்தார்கள். பல வருடங்களாகச் சேர்த்துவைத்திருந்த அளவீடுகளும் புகைப்படங்களும் அதைச் சாத்தியமாக்கின. 2010இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. பின்னர் ஐரோப்பிய மரபுரிமைச் சின்னத்துக்கும் தெரிவானது. அது மீளக்கட்டப்பட்டது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. அழிந்ததைத் திரும்பக் கட்டும்போது அழிவு நேர்ந்த செய்தியையும் கூடவே வைத்திருப்பதுதான் நேர்மை. புதுச் சுண்ணாம்பு பூசி எதுவுமே நடக்கவில்லை என்று காட்டுவது இரண்டாவது அழிவாகும்.

ஸ்லோவேனியாவின் அருங்காட்சியகங்களில் ஒன்றை மட்டும் சுட்டிக்காட்டு என்று கேட்டால் நான் கோபரிட் சிறுநகரின் அருங்காட்சியகத்தையே சொல்வேன். 1915 மே முதல் 1917 ஒக்டோபர் வரை சோச்சா நதியோரம் இத்தாலியப் படைகளுக்கும் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படைகளுக்கும் இடையே பன்னிரண்டு பெருஞ்சமர்கள் மூண்டன. இறுதிச் சமரில் இத்தாலியப் படை சந்தித்த பெருந்தோல்வி, கபொரெத்தோ என்ற இத்தாலியப் பெயரால் உலகறிந்தது. போர் முடிந்ததும் கோபரிட் இத்தாலியின் வசமானது. முசோலினியின் ஆட்சியில் ஸ்லோவேனியப் பாடசாலைகள் மூடப்பட்டன. குடும்பப் பெயர்கள் கூட இத்தாலிய மயமாக்கப்பட்டன. அதற்கு முன்னரே 1920 ஜூலை 13ஆம் திகதி திரியெஸ்தேயில் ஸ்லோவேனியர்களின் கலாசார மண்டபம் பாசிஸ்டுகளால் எரிக்கப்பட்டது. 1938இல் முசோலினி நேரில் வந்து, 7,000க்கும் அதிகமான இத்தாலியச் சிப்பாய்களின் எச்சங்களைக் கொண்ட பிரமாண்டமான நினைவாலயத்தை கோபரிட்டின் குன்றின் மீது திறந்துவைத்தார்.

இத்தகைய அனுபவம் உள்ள மக்கள் 1990இல், சுதந்திரத்துக்கு முந்திய வருடத்தில், தமது ஊரில் போர் அருங்காட்சியகம் அமைத்தபோது அதைப் பழிதீர்க்கும் மேடையாக ஆக்கியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. பனிமலையில் உறைந்தவர்களும் முகம் சிதைந்தவர்களும் எந்தச் சீருடை அணிந்திருந்தார்கள் என்பது அங்கு இரண்டாம்பட்சம். எந்தத் தளபதியின் வெற்றியும் அங்கே கொண்டாடப்படுவதில்லை. உள்ளூர் ஆர்வலர்களின் முயற்சியில் உருவான அந்தச் சிறிய நிறுவனத்துக்கு 1993இல் ஐரோப்பிய கவுன்சிலின் அருங்காட்சியக விருது கிடைத்தது. முசோலினி திறந்துவைத்த நினைவாலயமும் இடிக்கப்படாமல் அதே குன்றில் நிற்கிறது. கட்டியவரின் மீதான வெறுப்பை, உள்ளே கிடக்கும் குடியானவர்களின் பிள்ளைகள் மீது காட்டவேண்டியதில்லை என்று அந்த ஊரவர்கள் நினைத்திருக்கவேண்டும். 2020 ஜூலை 13ஆம் திகதி, எரிப்பு நிகழ்ந்து சரியாக 100 வருடங்களின் பின்னர், திரியெஸ்தேயின் மண்டபத்தை ஸ்லோவேனியச் சிறுபான்மையினரிடம் திருப்பிக் கொடுப்பதற்கான ஆவணம் இரு நாட்டு ஜனாதிபதிகளின் முன்னிலையில் கைச்சாத்திடப்பட்டது.

இனி, அரசு வந்த பிறகு நடந்தவற்றைப் பார்க்கலாம். ஸ்லோவேனியாவின் இரண்டு சத நாணயத்தில் பொறிக்கப்பட்டிருப்பது 'இளவரசர் கல்'. கரிந்தியாவின் பிரபுக்கள் ஸ்லோவேனிய மொழியில் நிகழ்ந்த சடங்குடன் பதவியேற்ற கல் அது. ஆனால், அந்தக் கல் இருப்பது ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட் நகரில். அங்கிருந்து எதிர்ப்புக் கிளம்பியதில் வியப்பில்லை. கல் ஒன்றைப் பேணுவதும் அதை நாணயத்தில் பொறித்து அண்டைவீட்டுக்காரரிடம் காட்டுவதும் ஒன்றல்ல.

அருங்காட்சியகங்களின் நிருவாகத்தில் அரசியல் கைவைத்தது அதைவிடப் பாரதூரமானது. 2020-2021 காலப்பகுதியில் யானெஸ் யான்ஷாவின் அரசாங்கத்தின் கீழ் முக்கிய அருங்காட்சியகங்களின் பணிப்பாளர்கள் மாற்றப்பட்டனர். 1993 முதல் நவீன கலைக்கூடத்துக்குத் தலைமை தாங்கி அதற்குச் சர்வதேச மதிப்பைத் தேடிக்கொடுத்த ஸ்தெங்கா படொவினாட்ஸின் பதவியும் 2020இல் முடிவுக்கு வந்தது. 2021இல் அந்த அரசாங்கம் 'ஸ்லோவேனிய சுதந்திர அருங்காட்சியகம்' ஒன்றைத் தாபித்தது. 2022 தேர்தலில் வென்ற ரொபேர்ட் கோலோப்பின் அரசாங்கம் 2023இல் அதை சமகால வரலாற்று அருங்காட்சியகத்துடன் இணைத்துவிட்டது. ஒரு தரப்பினர் அதை வரலாற்றின் மீதான தாக்குதல் என்றனர். மறுதரப்பினர் கட்சி அருங்காட்சியகம் ஒன்று ஒழிந்தது என்றனர். ஆட்சி மாறும்போது பாடநூல்கள் மாறுவதை நாமறிவோம். அருங்காட்சியகங்களும் அவ்வாறு மாறத்தொடங்கினால் அவற்றை நம்புவதற்கு எவரும் இருக்கமாட்டார்கள்.

நம்பிக்கை எவ்வளவு இலகுவாக உடையும் என்பதற்கு 2022 ஜூன் மாதத்துச் சம்பவம் போதும். பிக்காசோ, வான் கோ, மத்தீஸ் போன்றோரின் படைப்புகள் என்று சொல்லப்பட்ட ஒரு தனியார் தொகுப்பைக் காட்சிக்கு வைக்க தேசிய அருங்காட்சியகம் ஆயத்தமானது. அவை போலிகளாக இருக்கலாம் என்று கடுமையான சந்தேகம் எழுந்ததும் திறப்புவிழாவுக்கு முன்னரே கண்காட்சி கைவிடப்பட்டது. பணிப்பாளர் பதவி விலகினார். 200 வருட வரலாறு கொண்ட நிறுவனத்தைத் தலைகுனிய வைப்பதற்குச் சில நாட்களே போதுமாக இருந்தன. அனுபவமும் சுயாதீனமும் கொண்ட அதிகாரிகளின் எச்சரிக்கைக்கு மதிப்பில்லாத இடத்திலேயே இத்தகைய விபத்துகள் நேரும்.

மறைக்கப்பட்டவையும் இருக்கின்றன. 1948இல் மக்கள் விடுதலை அருங்காட்சியகம் என்று தொடங்கப்பட்ட நிறுவனம், பாசிசத்துக்கு எதிரான போராட்டத்தின் வீரத்தைச் சொன்னது. அது உண்மையான வீரமே. ஆனால், போர் முடிந்த கையோடு வெற்றிபெற்றவர்கள் விசாரணையின்றிக் கொன்றவர்களைப் பற்றி அன்று பேச முடியவில்லை. 2009இல் ஹூடா யாமா என்ற கைவிடப்பட்ட சுரங்கத்தின் தடுப்புச்சுவர்கள் உடைக்கப்பட்டபோது உள்ளே மனித எச்சங்கள் குவிந்து கிடந்தன. 1,400க்கும் அதிகமானோரின் எச்சங்கள் 2016இல் மரிபோர் நகரில் நல்லடக்கம் செய்யப்பட்டன. அறுபதுக்கும் மேற்பட்ட வருடங்கள் ஒரு நாடு தனது நினைவின் ஒரு பகுதியைச் சுவரெழுப்பி மூடி வைத்திருந்தது.

அடுத்தது உயிருள்ளவர்களைப் பற்றியது. ஸ்லோவேனியாவின் அரசியலமைப்பு இத்தாலிய, ஹங்கேரியச் சிறுபான்மைச் சமூகங்களுக்கு விசேட உரிமைகளை வழங்கி, 90 உறுப்பினர்களைக் கொண்ட பாராளுமன்றத்தில் ஒவ்வொரு ஆசனத்தையும் ஒதுக்கியிருக்கிறது. பாராட்டப்படவேண்டிய ஏற்பாடு அது. ஆனால், அதே அரசு 1992 பெப்ரவரி 26ஆம் திகதி, ஏனைய யூகோஸ்லாவியக் குடியரசுகளிலிருந்து வந்து வாழ்ந்துகொண்டிருந்தவர்களில் 25,671 பேரின் பெயர்களை நிரந்தர வதிவிடப் பதிவேட்டிலிருந்து அகற்றியது. 'அழிக்கப்பட்டவர்கள்' என்றே அவர்கள் அழைக்கப்படுகிறார்கள். ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2012இல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 30 வருடங்கள் கழித்து 2022இல் ஜனாதிபதி போருட் பாஹோர் மன்னிப்புக் கோரினார். 5,200 வருடத்துச் சக்கரத்தை அத்தனை கவனமாகப் பேணத் தெரிந்த ஒரு நாட்டுக்கு, பக்கத்துத் தெருவில் குடியிருந்தவரின் பெயரைப் பேணத் தெரியவில்லை. மொழிக்காகவும் பெயருக்காகவும் பல நூற்றாண்டுகள் அவதிப்பட்ட மக்கள், தமக்கென்று ஒரு பதிவேடு கிடைத்த எட்டே மாதங்களில் இதைச் செய்தார்கள் என்பதுதான் வேதனையானது.

இவற்றையெல்லாம் சொல்வது ஸ்லோவேனியாவைச் சிறுமைப்படுத்துவதற்காக அல்ல. அந்த நாட்டின் அருங்காட்சியக மரபு இந்தக் கேள்விகளைத் தாங்கக்கூடிய அளவுக்கு முதிர்ச்சியுடையது என்பதாலேயே சொல்லவேண்டியிருக்கிறது. அரசில்லாத காலத்தில் மரபுரிமைக்கு இருந்த ஆபத்து வெளியிலிருந்து வந்தது. தீ வைத்தார்கள், தூக்கிக்கொண்டு போனார்கள், விற்றார்கள். அவற்றிலிருந்து அதைக் காத்தது தனிமனிதர்களின் பிடிவாதமும் ஒழுங்கான பதிவுகளும் எதிரணியிடமிருந்து வந்தாலும் நல்லதை வைத்துக்கொள்ளும் மனமும் ஆகும். அரசு வந்த பிறகு ஆபத்து உள்ளேயிருந்து வருகிறது. எதைக் காட்டுவது, எதைக் களஞ்சிய அறைக்கு அனுப்புவது, யாரைப் பதிவேட்டில் வைத்திருப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தில் அது தங்கியிருக்கிறது. முந்தியதை எதிர்கொள்ளத் தைரியம் போதும். பிந்தியதை எதிர்கொள்வதற்கு தன்னையே கேள்விக்குட்படுத்தும் நேர்மை வேண்டும். அது அரசுகளிடம் அரிதாகவே காணப்படுகிறது.

அரசு கிடைக்கும் வரை மரபுரிமையைக் கவனிக்க முடியாது என்று கைகட்டி நிற்பவர்களுக்கு 1821இன் லுப்லியானா ஒரு பதில். அரசு கிடைத்துவிட்டால் மரபுரிமை தானாகவே பாதுகாப்பாக இருக்கும் என்று நம்புபவர்களுக்கு 1992இன் லுப்லியானா ஒரு பதில். கோபரிட்டின் மக்களுக்கு அருங்காட்சியகம் அமைக்க அரசும் தேவைப்படவில்லை, எதிரியும் தேவைப்படவில்லை. தமது மண்ணில் மடிந்த எல்லோரையும் கணக்கில் சேர்ப்பதென்ற ஒரு தீர்மானமே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. சிறிய மக்கள் கூட்டங்கள் கற்றுக்கொள்வதற்கு அங்கே நிறையவே இருக்கிறது.